சாய்ந்த சிலுவையும் அந்திச் செபமும்

மட்டாஞ்சேரியின் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் ஒரே ஒரு நாளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1653 ஜனவரி 3 அந்த நாள். மேற்காசியாவிலிருந்து வந்த ஆயர் அகத்தல்லா 1652இல் மயிலாப்பூரில் தடுத்து வைக்கப்பட்டார். அவரை ஏற்றிக்கொண்டு கோவாவுக்குச் சென்ற கப்பல் கொச்சியைக் கடந்தபோது அவரைக் காணத் திரண்ட தோமா கிறித்தவர்களுக்குப் போர்த்துக்கீசியர் இசைவு தர மறுத்தனர். ஆயர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற செய்தி பரவியது. கொதித்தெழுந்த மக்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமையில் மட்டாஞ்சேரியில் கூடினர். பேராயர் பிரான்சிஸ்கோ கார்சியாவுக்கு இனிப் பணிவதில்லை என்று சிலுவையின் முன் சத்தியம் செய்தனர். கூட்டம் பெரிதாக இருந்தமையால் எல்லாராலும் சிலுவையைத் தொட இயலவில்லை. அதில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பற்றியவாறு சூளுரைத்தனர். இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பது மரபு. கூனன் குரிசு என்ற பெயர் அதனால் வந்தது.

இந்நிகழ்வைப் பற்றிய எழுத்துகளில் சில கேள்விகள் ஓயாமல் திரும்பி வருகின்றன. சத்தியம் யாருக்கு எதிரானது: திருத்தந்தைக்கா, பேராயருக்கா, இயேசு சபைக்கா? அதன் சொற்கள் யாவை? அதற்குப் பின் எந்த ஆலயம் எந்தப் பக்கம் நின்றது? இவை தேவையான கேள்விகளே. சொற்களைப் பற்றிய பூசல் இன்றுவரை தீரவில்லை; ஒவ்வொரு சபையும் தனக்கு உகந்த வடிவத்தை வைத்திருக்கிறது. ஆனால் எளிய கேள்வி ஒன்று இப்பெருங்கேள்விகளின் நிழலில் மறைந்துவிட்டது. ஜனவரி 4ஆம் நாள் விடிந்தபோது அம்மக்கள் என்ன செய்தனர்?

அவர்கள் வீடு திரும்பினர். அதே ஆண்டு மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் கைவைத்து அர்க்கதியாக்கோனை ஆயராக அறிவித்தனர். அது செல்லுமா என்ற ஐயம் உடனே எழுந்தது. கார்மேல் சபைத் துறவிகள் வந்தனர். ஒரு பகுதியினர் உரோமையோடு மீண்டும் இணைந்தனர். எஞ்சியோர் பின்னாளில் அந்தியோக்கியாவின் பக்கம் திரும்பினர். அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் பிளவுகள் பெருகின. தம் ஆயர் யார் என்பதிலேயே உடன்பாடு காணாத சமூகம் தன் விசுவாசத்தை எங்கே வைத்துக் காத்தது என்பதுதான் விளக்கப்பட வேண்டிய செய்தி. அதற்கான விடை ஆவணக் காப்பகத்தில் இருப்பதைவிட மிகுதியாகச் சமையற்கட்டிலும் அந்தி விளக்கினடியிலும் இருக்கிறது. கல்விப்புலமும் திருச்சபையும் ஆளுக்கொரு காரணத்தால் அங்கே பார்க்க மறுக்கின்றன. அம்மறுப்பைக் கேள்விக்கு உட்படுத்துவதே இப்பதிவின் நோக்கம்.

1

பெசஹா வியாழனன்று இரவு கேரளத்துச் சுரியானிக் கிறித்தவ வீடுகளில் நிகழ்வதை நோக்கலாம். அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் அப்பம் அவிக்கப்படுகிறது. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்திலிருந்து கொண்டுவந்த ஓலையைக் கிள்ளி அதன்மேல் சிலுவையாக வைக்கின்றனர். தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துப் பெசஹாப் பால் காய்ச்சப்படுகிறது. செபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டு, மூத்தவர் தொடங்கி இளையவர் வரை பகிர்கிறார். அவ்வாண்டு இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் அவிப்பதில்லை. அண்டை வீட்டாரோ உறவினரோ கொண்டுவந்து கொடுப்பர்.

இந்தச் சடங்கில் குரு இல்லை; பீடம் இல்லை; ஆயரின் ஆணையும் தேவைப்படவில்லை. கத்தோலிக்கர், கத்தோலிக்கரல்லாதார் என்ற எல்லையை அது பொருட்படுத்துவதில்லை. நீதிமன்றங்களில் எதிரெதிரே நிற்கும் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் அந்த ஓர் இரவில் ஒரே அப்பத்தை ஒரே முறையில் பிட்கின்றன. இழவு நிகழ்ந்த வீட்டுக்கு அப்பம் கொடுத்தனுப்பும் வழக்கமோ, துயருற்றவரைத் தேற்றுக என்னும் மறையுரைகள் பலவற்றைக் காட்டிலும் உறுதியாக ஒரு குழந்தைக்கு இரக்கத்தைக் கற்பிக்கிறது. அப்பத்தைத் தூக்கிச் செல்லும் கை அக்குழந்தையின் கைதான்.

அந்திச் செபமும் இத்தன்மையதே. விளக்கேற்றி, முழந்தாளிட்டு, குடும்பம் ஒன்றுகூடிச் செபித்து முடித்ததும், பிள்ளைகள் பெற்றோருக்கும் பெரியோருக்கும் 'ஸ்துதி கொடுக்கும்' வழக்கம் மலையாளக் கத்தோலிக்க வீடுகளில் உண்டு. இயேசு மெசியாவுக்குப் புகழ் உண்டாகட்டும் என்று ஒவ்வொருவரையும் நோக்கிச் சொல்ல வேண்டும். அன்று மாலை தந்தையிடம் அடி வாங்கிய சிறுவனும் அவரை நோக்கி அதைச் சொல்லியாக வேண்டும். தந்தையும் மறுமொழி கூறியாக வேண்டும். மனம் இளகிய பிறகு சொல் வருவதில்லை. சொல்லைச் சொல்லும்போதுதான் மனம் மெல்ல இளகுகிறது. இந்த முன்பின் வரிசையே இப்பதிவின் மையம்.

2

இவ்வரிசையை ஏற்க மறுப்போர் இரு தரப்பினர்.

முதல் தரப்பு கல்விப்புலத்தைச் சார்ந்தது. கேரளக் கிறித்தவம் குறித்த ஆய்வேடுகளில் மிளகு வணிகம் இருக்கும், காலனியம் இருக்கும், சாதி, நிலவுடைமை, கல்வி நிறுவனங்கள், புலம்பெயர்வு ஆகியன இருக்கும். செபம் இருக்காது. இருந்தால் 'பண்பாட்டுக் கூறுகள்' என்ற இயலில், உணவுக்கும் உடைக்கும் இடையே இரண்டு பத்திகளாக இருக்கும். 1902இல் வெளிவந்த தம் நூலில் வில்லியம் ஜேம்ஸ், சமயத்தைத் தனிமனிதர் தம் ஏகாந்தத்தில் அடையும் உணர்வுகளும் அனுபவங்களுமாக வரையறுத்துக்கொண்டார். அந்த வரையறையைப் படித்திராத ஆய்வாளரும் அதன்படியே நடக்கிறார்: மெய்யான சமயம் உள்ளத்தில் இருக்கிறது, அது ஆய்வுக்கு எட்டாது, எட்டுவதெல்லாம் அரசியலும் பொருளியலும்தான், இடையில் இருக்கும் செபமாலையும் நோன்பும் வெறும் எச்சம்.

இப்பிரிவினையைத் தலால் அசத் 1993இலேயே தகர்த்துவிட்டார். நம்பிக்கையைச் சமயத்தின் சாரமாக வைப்பது நவீன ஐரோப்பியக் கிறித்தவ வரலாற்றின் விளைபொருளே என்று காட்டிய அவர், இடைக்காலத் துறவற வாழ்வில் பயிற்சியே மனநிலையை வடித்தது என்பதை எடுத்துக்காட்டினார். சபா மஹ்மூத் 2005இல் கெய்ரோவின் பள்ளிவாசல்களில் கூடிய பெண்களைப் பற்றி எழுதும்போது, புறச்செயல் அகத்தை வெளிப்படுத்துவதோடு நில்லாமல் அகத்தை ஆக்கவும் செய்கிறது என்று நிறுவினார். இவ்விரு பெயர்களும் நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் கெய்ரோவின் பெண்களுக்கு வழங்கப்படும் கோட்பாட்டு மரியாதை, மட்டாஞ்சேரியில் அந்திச் செபத்தைத் தொடங்கிவைக்கும் மூதாட்டிக்கு வழங்கப்படுவதில்லை. அவர் தகவலாளியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. ஏன்? தொலைவில் நிகழும் பக்தி கோட்பாடாகிறது. பக்கத்து வீட்டுப் பக்தி பழமைவாதமாகிவிடுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தென்படவில்லை.

இரண்டாம் தரப்பு பக்தி இயக்கங்களைச் சார்ந்தது. இவர்களுக்கு ஆழ்ந்த விசுவாசம் என்பது ஒரு நிகழ்வு: தியான மையத்தில் ஒரு வாரம், கண்ணீர், சாட்சியம், மனமாற்றத்தின் நாளும் நேரமும். மனப்பாடச் செபம் உதட்டளவிலானது, வாய்ப்பாடு போன்றது, உள்ளத்தைத் தொடாதது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. தியான மையத்திலிருந்து திரும்பியவரின் மனமாற்றம் மெய்யானதாக இருக்கலாம். அதை எள்ளி நகையாடுவதற்கு இங்கு இடமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் எதைச் செய்வார்? அந்த வாரத்தின் கனலை வைத்திருக்க ஓர் அடுப்பு வேண்டும். உதட்டுச் செபம் என்று அவர் ஒதுக்கிய வழக்கமே அந்த அடுப்பு. அது இல்லாத வீட்டில் அடுத்த தியானத்துக்கான பதிவுச்சீட்டு மட்டுமே எஞ்சும்.

ஆய்வாளர் உள்ளத்தை எட்டமுடியாதது என்று ஒதுக்குகிறார். தியானக்காரர் உள்ளமே எல்லாம் என்கிறார். உள்ளமும் பழக்கமும் வேறு வேறு என்ற பிழையில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

3

தமிழ் மாணவர்கள் இச்சிக்கலை அயலார் சிக்கலாகக் கருத முடியாது. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கமே இதற்குள் இருக்கிறது. அதன் முதன்மையான நிலைகளுள் ஒன்று கொச்சி.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோரைக் கூட்டி, அன்றாடச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாம் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்தவாறு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டிச் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்கள் அவற்றை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதை அவர் உரோமையிலிருந்த தம் தோழர்களுக்கு 1544 ஜனவரியில் எழுதிய கடிதம் கொச்சியிலிருந்தே சென்றது.

அதே ஆண்டில் மன்சில்லாசு என்ற தம் உடனுழைப்பாளருக்கு அவர் அனுப்பிய குறிப்பு மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லப்பட்டு வந்ததை மாற்றி, விசுவாசம் என்ற சொல்லை இடுமாறு அதில் அவர் அறிவுறுத்துகிறார்: வேணும் என்பது விருப்பத்தைக் குறிக்கும்; நம்புதலைக் குறிக்காது. 'வன்பினாலே' என்ற சொல்லையும் நீக்கச் சொல்கிறார்: அது வலுக்கட்டாயத்தைக் குறிக்கிறது, கிறித்து பாடுபட்டதோ தாமாக விரும்பி.

மனப்பாடச் செபத்தைப் பழிப்போர் இந்த இரு திருத்தங்களையும் கருத வேண்டும். மொழியறியாத ஓர் அயலாரும் பெயரறியப்படாத தமிழ் உதவியாளர்களும் பிழையோடு தொடங்கினர். மக்கள் ஒன்றேகால் ஆண்டு அளவுக்கு 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டே முழந்தாளிட்டிருக்கக்கூடும். பிழை எப்படி வெளிப்பட்டது என்பதைக் கடிதம் கூறவில்லை; ஆனால் நாள்தோறும் பலர் வாயில் வழங்கும் சொல்லில்தான் பிழை புலப்படும் என்பதை மொழியோடு பழகியோர் அறிவர். எவரும் சொல்லாத செபத்தில் திருத்துவதற்கு எதுவும் இராது. திரும்பத் திரும்பச் சொல்லுதல் சொல்லைத் தேய்த்துவிடும் என்கிறார்கள்; தேய்வதனால்தான் அதன் உட்பொருள் தெரிகிறது என்பதும் உண்மை.

அதன்பின் வந்த நூல்களின் வரிசை இன்னும் தெளிவானது. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சாயிற்று. 1578இல் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் வெளிவந்தது: பதினாறு பக்கங்கள், உள்ளடக்கம் அன்றாடச் செபங்களும் அடிப்படைப் பாடங்களும். 1579 நவம்பரில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்': ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினா விடை நூல். 1580இல் மீண்டும் கொச்சியில், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்க்க உதவும் நூல். 1586இல் புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள்.

இவ்வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம். எனினும் அதில் ஒரு கல்விமுறை தெரிகிறது. முதலில் பழக்கம், பிறகு வினவுதல், பிறகு தன்னாய்வு, இறுதியில் முன்மாதிரிகள். மனப்பாடம் முடிவாக வைக்கப்படவில்லை, வாயிலாக வைக்கப்பட்டது. அண்டிரிக் அடிகளார் சார்ந்திருந்த இயேசு சபையில் நாளுக்கு இருமுறை மனச்சான்றை ஆராயும் பயிற்சி உண்டு: இன்று எங்கே அருள் கிடைத்தது, எங்கே தவறினேன், நாளை என்ன செய்வேன் என்று கால் மணி நேரம் அமர்ந்து நோக்குதல். இதற்குக் கட்டணமும் பயணமும் வேண்டா. தமிழில் முதலில் அச்சேறிய நூல்கள் காப்பியமோ இலக்கணமோ அல்ல, படுக்கைக்குப் போகுமுன் ஒருவர் சொல்ல வேண்டிய சொற்கள் என்பது இலக்கிய வரலாற்றில் அடிக்குறிப்பாகச் சுருங்கிக்கிடக்கிறது.

சொற்களின் பயணத்தையும் சேர்த்துக் காணலாம். தமிழர் வழங்கும் 'சிலுவை' சுரியானி மொழியின் ஸ்லீவாவிலிருந்து வந்தது. மலையாளிகள் மிகுதியாக வழங்கும் 'குரிசு' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியரிடம் திருமுழுக்குப் பெற்ற கடற்கரையின் வழித்தோன்றல்கள் சுரியானிச் சொல்லைச் சொல்கின்றனர். போர்த்துக்கீசிய ஆட்சியை எதிர்த்துச் செய்த சத்தியமோ போர்த்துக்கீசியச் சொல்லால் நினைவுகூரப்படுகிறது. எந்தப் பேராயரும் இதை ஆணையிடவில்லை. வாய்களில் நாள்தோறும் எது வழங்கியதோ அது நிலைத்தது. 'வழக்கு' என்ற ஒரே சொல்லால் மொழியின் பயன்பாட்டையும் மக்களின் நடைமுறையையும் தமிழ் குறிப்பது இதனால்தான் பொருத்தமாகிறது. இலக்கணம் கற்று எக்குழந்தையும் பேசத் தொடங்குவதில்லை. பேச்சில் வளர்ந்த பிறகே இலக்கணம் பொருள் தருகிறது. விசுவாசமும் அவ்வாறே முதலில் வழங்கப்பட்டு, பிறகு அறியப்படுகிறது.

4

இனி எதிர்வாதங்கள். இவற்றுள் வலுவானவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வது முறை.

அன்றாடப் பயிற்சி என்பது அதிகாரத்தின் கருவி என்பது முதல் வாதம். 1599 ஜூன் 20 முதல் 26 வரை பேராயர் அலெக்சோ டி மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சூனகதோசு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். சுரியானி நூல்கள் எரிக்கப்பட்டதும், சோதிடரை நாடுவது முதலான வீட்டுப் பழக்கங்கள் கானோன்களால் ஒழுங்குபடுத்தப்பட்டதும் உண்மையே. ஆனால் இவ்வாதம் தன் முடிவுக்கு எதிராகவே சான்று தருகிறது. அதிகாரம் ஏன் வீட்டுக்குள் நுழைய விரும்பியது? விசுவாசம் அங்கேதான் உருவாகிறது என்பதை மெனேசிஸ் தம் எதிரிகளைவிட நன்கு அறிந்திருந்தார். அவர் ஆணையிட்டும் மறையாத நோன்புகளும், ஆணையின்றியே நிலைத்த அப்பமும் எதைக் காட்டுகின்றன? அன்றாடம் அதிகாரத்துக்கு எளிதில் கீழ்ப்படிவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மட்டாஞ்சேரியில் கயிற்றைப் பற்றியவர்கள் அந்த வீடுகளிலிருந்துதான் வந்தனர்.

இரண்டாவது வாதம் கடுமையானது. அதற்கு எளிய மறுமொழி இல்லை. அன்றாடப் பழக்கம் சாதியையும் காத்தது. உதயம்பேரூர் கானோன்கள் தீட்டுக்கு அஞ்சிச் செய்யப்பட்ட சடங்குகளைக் கண்டித்திருந்தும் தீண்டாமை ஒழியவில்லை. செபமாலை உருட்டிய அதே கை தனிக் குவளையையும் வைத்தது. தமிழகத்தில் கல்லறைத் தோட்டங்களில் சுவர் எழுப்பிய ஊர்களிலும் அந்திச் செபம் தவறாமல் நடந்தது. முழந்தாளிடும் பழக்கம் மனிதரை நல்லவராக்கும் என்றால் இது எப்படி நேர்ந்தது?

இவ்வினாவை மழுப்பக் கூடாது. பழக்கம் ஆக்கும் என்று சொன்னால், எல்லாப் பழக்கமும் ஆக்கும் என்பதையும் ஏற்க வேண்டும். சாதி ஒரு கருத்தாக மட்டும் நிலைத்திருந்தால் ஒரு நல்ல மறையுரையில் செத்திருக்கும். எங்கே அமர்வது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யாரை எப்படி விளிப்பது என நாளொன்றுக்கு நூறு சிறு செயல்களால் அது பயிலப்படுகிறது. கால் மணி நேரச் செபம் அந்த நூறு செயல்களோடு மோதாமல் அவற்றின் அருகே அமைதியாக அமர்ந்துகொண்டது என்பதே நேர்ந்த தவறு. அதற்கு மருந்து செபத்தைக் கைவிடுவதில் இல்லை. ஒரு வார மனமாற்றத்திலும் இல்லை. சாதி பயிலப்படும் இடங்களுக்கே செபத்தைக் கொண்டு செல்வதில் இருக்கிறது. பெசஹா அப்பம் மூத்தவர் முதல் இளையவர் வரை பகிரப்படுகிறது. வீட்டு வேலை செய்பவர் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார்? இழவு வீட்டுக்கு அப்பம் அனுப்பப்படுகிறது. எந்தத் தெரு வரை? தன்னாய்வு நூலின் வினாக்களில் இவை இடம்பெற வேண்டும். அன்றாடப் பயிற்சி ஆழ்ந்ததா என்பதை அளக்கும் கோல் இதுவே: அது அன்றாடத்தின் எந்தெந்த மூலைகளைத் தொடாமல் விட்டுவைத்திருக்கிறது?

மூன்றாவது வாதம் காலத்தைக் காட்டுகிறது. மாலை ஏழு மணிக்கு எந்தக் குடும்பம் ஒன்றாக இருக்கிறது? தந்தை வளைகுடாவில், தாய் மருத்துவமனைப் பணிமுறையில், பிள்ளைகள் தனிப்பயிற்சியில். இது உண்மை. ஆனால் வழக்கு காலத்துக்கேற்ப மாறுவது. மாறாதிருந்தால் அது வழக்கே இல்லை. முழுச் செபமாலைக்கு நேரமில்லாத வீட்டில் உணவுக்கு முன் ஒரு வாக்கியத்துக்கு நேரமுண்டு. ஐம்பது நாள் நோன்பு இயலாதவருக்கு வெள்ளிக்கிழமை ஒருவேளை உணவை விட்டு, அதன் விலையைப் பசித்தவருக்குக் கொடுப்பது இயலும். நோன்பு என்ற சொல் மலையாளத்தில் நோம்பாகக் கிறித்தவருக்கும், தமிழில் இசுலாமியருக்கும், இருமொழியிலும் இந்துக்களுக்கும் உரியது. இவ்வளவு பேர் பகிரும் சொல்லுக்குள் அந்நியமாகவோ அரியதாகவோ எதுவும் இல்லை. அளவு சிறிதாகலாம், நாள் தவறக் கூடாது. குறித்த நேரம், குறுகிய சொற்கள், தன்னாய்வு, பகிர்வு ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

5

விசுவாசம் வீட்டில் வாழ்கிறது என்பதற்கு மட்டாஞ்சேரியே இன்னொரு சான்றையும் வைத்திருக்கிறது. 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இன்றும் அழகு குன்றாமல் நிற்கிறது, வருகையாளர் குறைவதில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொச்சி யூதரில் மிகப் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். வெள்ளிக்கிழமை அந்தி விளக்கும், பெண்கள் கையேடுகளில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாடல்களும் அவர்களோடு சென்றன. கட்டடம் இங்கே தங்கிவிட்டது. சமயம் குடும்பங்களோடு கப்பலேறியது. அப்பாடல்களையும் உதயம்பேரூர் கானோன்களையும் பதிப்பித்தவர் ஸ்கறியா சக்கறியா. ஆணை நூலையும் அடுக்களைப் பாட்டையும் ஒரே கவனத்தோடு படிக்க முடியும் என்பதற்கு அவர் பணியே சான்று.

இதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் இன்றைய பூசல்கள் கட்டடத்தைச் சுற்றியே நடக்கின்றன. 2017 ஜூலை 3 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் தரப்புகளின் மோதல் ஆலயச் சாவிகளைப் பற்றியதாயிற்று. இறந்தவரை அடக்கும் உரிமைக்காகவே 2020இல் கேரள அரசு தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் சீரோ மலபார் ஆயர் மன்றம் ஒருமித்த திருப்பலி முறையை அறிவித்ததும், குரு எப்பக்கம் நோக்கி நிற்க வேண்டும் என்பது எறணாகுளத்தில் தெருச்சண்டையானது. பேராலயம் 2022 இறுதியில் மூடப்பட்டு நெடுநாள் பொதுவழிபாடின்றிக் கிடந்தது. திசை முக்கியமற்றது என்று வாதிடுவது இப்பதிவின் கருத்தன்று. வழிபாட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் பொருளுண்டு என்பவர் அவ்வாறு சொல்ல முடியாது. ஆயினும் பீடத்தின் திசைக்காகப் பட்டினி கிடப்பவரின் வீட்டில் அந்தி விளக்கு எத்திசையில் இருக்கிறது என்று கேட்பது நியாயமே. 1962இல் சுரியானி மறைந்து மலையாளம் பீடமேறியபோது வீட்டில் செபம் இருந்தது. எனவே மொழி மாறியும் விசுவாசம் சரியவில்லை. வீட்டில் செபம் இல்லாத தலைமுறைக்கு எத்திசையில் நின்று எம்மொழியில் பலியிட்டாலும் அது பார்வைப் பொருளாகவே இருக்கும்.

கல்விப்புலத்தின் முன் உள்ள பணி தெளிவானது. மட்டாஞ்சேரியிலும் அதைச் சுற்றியும், முத்துக்குளித்துறையிலும், இன்றைய முதியோர் நினைவிலிருக்கும் வீட்டுச் செபங்கள் அவற்றின் ஒலிப்போடும் பாடவேறுபாடுகளோடும் பதிவு செய்யப்பட வேண்டும். யார் தொடங்கிவைத்தார், யார் மறுமொழி கூறினார், எந்தச் சொல் எப்போது மாறியது, யார் அந்தத் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்பனவும் அப்பதிவில் இருக்க வேண்டும். 1653இன் சத்தியச் சொற்களை மீட்டெடுக்க ஆய்வாளர்கள் நூற்றாண்டுகளாக முயல்கின்றனர். அன்று இரவு அதே வாய்கள் சொன்ன செபம் இன்னும் சில வீடுகளில் கேட்கும் தொலைவில் இருக்கிறது. அதைச் சொல்லும் பாட்டிகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.